மூன்றாம் பெட்டியின் குறுக்கெழுத்துப் புலவர்

என் வாழ்க்கையில் மொத்தம் ஏழு மாதம் நான் அறிவாளியாக இருந்திருக்கிறேன். அதற்கு முன்பு இருந்ததில்லை என்பதற்கு என் மார்க் ஷீட்டுகள் சாட்சி. அதற்குப் பிறகு இருந்ததில்லை என்பதற்கு என் மனைவி, மகள், மைத்துனன், போதாக்குறைக்கு மீஞ்சூரிலிருந்து கடற்கரை வரை தினமும் ரயிலில் போய்வரும் ஒரு பெட்டி ஜனம் சாட்சி. நடுவில் அந்த ஏழு மாதம் மட்டும் எப்படியோ நடந்துவிட்டது. இப்போது என் மகள் அந்தக் கதையை ஸ்கூலில் ஒரு மாதிரி, டியூஷனில் ஒரு மாதிரி என்று சொல்லித் திரிகிறாள். அவள் சொல்லிக் கெடுப்பதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை. (கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் பண்ணுவது. கப்பலைக் கண்ணால் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் தூரத்திலிருந்து.) திருவொற்றியூரில் காலை எட்டு பத்து வண்டி, மூன்றாவது பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரு கோஷ்டி உண்டு. மீஞ்சூரிலும் எண்ணூரிலும் ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். மற்ற பெட்டிகளில் எல்லாரும் போனைத் தடவிக்கொண்டிருக்க, இவர்கள் எட்டுப் பேர் மட்டும் ஒரே ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார்கள்.

அதற்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு. பேப்பர் வாங்குவது ஆரோக்கியம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கோஷ்டிக்குத் தலைவர். வண்டி திருவொற்றியூரை விட்டுக் கிளம்பும் வரை பேப்பரை யாரும் பிரிக்கக் கூடாது. பிரிக்காமல் இருப்பதற்காக அவர் அதன்மேல் உட்கார்ந்து வருவார். கிளம்பியதும் எழுந்து, சூடான பேப்பரைப் பிரித்து, பேனாவை எடுத்து, குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பார். பெட்டி முழுக்க விடை பறக்கும். கொருக்குப்பேட்டை சிக்னலில் வண்டி வழக்கம்போல் படுத்துக்கொள்ளும். கோஷ்டியில் யாரும் அதற்காக ரயில்வேயைத் திட்டியதில்லை. கஷ்டமான குறிப்புகளுக்கு அந்த நேரம்தான்.

குறுக்கெழுத்துப் போட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப் பேப்பர் குறுக்கெழுத்து லேசுப்பட்ட ஆசாமி இல்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ‘வலமிருந்து இடம்’ என்று ஒன்று வரும். ‘கீழிருந்து மேல்’ என்று இன்னொன்று. சொல்லைத் தலைகீழாக எழுத வேண்டும். அதுவும் போதாமல் சில குறிப்புகளுக்குப் பின்னால் ‘குழம்பியிருக்கிறார்’ என்று போட்டிருப்பார்கள். எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று அர்த்தம். (உண்மையில் குழம்பியிருப்பது நாம்தான்.) எல்லாம் நிரம்பி ஒரே ஒரு சொல் மட்டும் மாட்டாமல் நின்றுவிடும். அது மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போதும் கூடவே வந்து உட்காரும். விடை நாளைய பேப்பரில்தான். அது வரைக்கும் எரிச்சலோடுதான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் கோஷ்டியிலேயே இல்லை. இரண்டு வருஷமாகக் கதவோரம் நின்று, உட்கார்ந்திருப்பவர்களின் டிபன் பைகளைப் பிடித்துக்கொண்டு வந்த ஆள். யாருக்கும் என் பெயர் தெரியாது. ‘ஏம்ப்பா, பை’ என்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

வீட்டில் சண்முகக்கனி வந்து சேர்ந்தாள். என் மனைவி. அவள் அப்பாவுக்கு யானைக்கவுனியில் மொத்த மளிகை வியாபாரம். எங்கள் இரண்டு குடும்பமும் தெற்கத்தி. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்ததில் என் வாய் மெட்ராஸாகிவிட்டது. யானைக்கவுனியிலேயே பிறந்தும் அவள் வாய் மட்டும் இன்னும் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பவில்லை. கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாக வாங்குவார்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் அதைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. அடுக்கும்போது குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவைத்துப் போடுவாளாம். விடை இருக்கிற மறுநாள் பேப்பர் எங்கே கிடைக்கும்? அது எந்தத் துவரம்பருப்பைச் சுற்றிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போயிற்றோ. பத்துப் பன்னிரண்டு வருஷம் விடையையே பார்க்காமல் குறுக்கெழுத்துப் போட்டவள்.

“விட என்னத்துக்கு?” என்பாள். “ஒரு சொல்லு சரியா விழுந்தா பக்கத்துச் சொல்லு தானா எடங்குடுக்கும். தப்பா விழுந்தா அடுத்த வீட்டோட சண்ட வந்துரும். அதுலயே தெரிஞ்சிரும்.”

எங்கள் வீட்டுக்கு வருவதும் கோஷ்டி வாங்கும் அதே பேப்பர்தான். காலையில் நான் முகம் மழிக்கும்போது அவள் அடுப்படியிலிருந்து சத்தமாகப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சொல் விழுந்தால் கரண்டியால் ஒரு தட்டு. கடைசிச் சொல் விழுந்தால் இரண்டு தட்டு. எனக்கு அது ரேடியோ மாதிரி. காதில் விழும், மனதில் நிற்காது.

ஒரு நாள் ஒரு சொல் மனதில் நின்றுவிட்டது. ரயிலில் கோஷ்டி ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டு முழித்தது.

“நிலா. நாலெழுத்து” என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

“வெண்ணிலா” என்றார் ஒருவர்.

“ரெண்டாவது கட்டத்துல ‘ம்’ வந்து குந்திகினு கீதுப்பா. வெண்ணிலாவுல எங்கருந்து வரும் ‘ம்’மு?”

கதவோரத்திலிருந்து என் வாய் தானாகத் திறந்தது. “அம்புலி.”

எட்டுத் தலைகள் திரும்பின. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஆரோக்கியம் அண்ணன் எழுதிப் பார்த்தார், எல்லாம் சரியாக உட்கார்ந்தது. “பேரு இன்னா நைனா?” என்று கேட்டார். செல்வம் என்று சொன்னேன். யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னேன். (சிரிக்காதீர்கள். இரண்டு வருஷம் பை என்று கூப்பிடப்பட்டுப் பாருங்கள்.)

அங்கேயே ‘வீட்டில் மனைவி போட்டாள், காதில் விழுந்தது’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ‘வூட்லயே பாத்துட்டு வந்துட்டியா?’ என்று ஒருவர் கேட்டதற்கு நான் சொன்னது வேறு. “எங்க வூட்ல இங்கிலீஷ் பேப்பர் மட்டும்தாண்ணே.”

மறுநாள் காலை காதைத் தீட்டிக்கொண்டு மழித்தேன். கன்னத்தில் இரண்டு வெட்டு, மண்டையில் மூன்று விடை. அதற்கடுத்த நாள் ஆறு. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாமல், எண் போட்டு ஒரு சீட்டில் எழுதித் தரும்படி அவளிடமே கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள் சண்முகக்கனி. நியாயமான கேள்வி.

“எங்க ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்கு. கந்தசாமி ஐயா. என் கூடத்தான் ரயில்ல வராரு. கண்ணுல புரை. குறுக்கெழுத்துன்னா உயிரு, ஆனா குறிப்பைப் படிக்க முடியல. விடையைச் சொன்னா மனசுலயே கட்டம் போட்டுப் பாத்து சந்தோஷப்படுவாரு.”

கந்தசாமி என்று யாரும் எங்கள் ஆபீசில் கிடையாது. ஹெட் கிளார்க் என்றே யாரும் கிடையாது. மொத்தம் ஐந்து பேர்.

“அய்யோ பாவம்” என்று அவள் உருகிப்போனாள். அன்றிலிருந்து தினமும் சீட்டு தயாராக இருக்கும், கந்தசாமி ஐயாவுக்காகக் கொட்டை எழுத்தில். ஒரு வாரத்தில் சீட்டோடு ஒரு பொட்டலமும் வந்தது. “ஐயாவுக்கு முறுக்கு. பல்லு இருக்குல்லா அவியளுக்கு?” இருக்கிறது என்றேன். பிறகு அதிரசம். பிறகு முந்திரிக்கொத்து. எல்லாவற்றையும் ராயபுரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் நானே தின்று தீர்த்தேன். கந்தசாமி ஐயா சாப்பிட்டதெல்லாம் என் இடுப்பில் ஏறியது.

இதற்குள் பெட்டியில் நான் எங்கேயோ போய்விட்டேன். ஜன்னலோர இருக்கை எனக்கு. பெயர் புலவர். வ.உ.சி. நகர் வரை பேப்பரைப் பார்ப்பேன். தண்டையார்பேட்டை வரை கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு எண் வரிசையாக ஒவ்வொன்றாக உதிர்ப்பேன். குறிப்பை வாசிக்கவே விடமாட்டேன். (வாசித்தால் எனக்குக் குழம்பிவிடும்.) ஆரோக்கியம் அண்ணன் எழுத எழுத, “ஷோக்கா சொன்ன புலவரே!” என்று குரல் எழும்பும். பக்கத்துப் பெட்டியிலிருந்து பிள்ளைகளின் தமிழ்ப் பரீட்சைக்குச் சந்தேகம் கேட்க ஆள் வந்தது. நானும் தாடையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கிறது.

ஒரே ஒருவன் மட்டும் நம்பவில்லை. மோகன். மண்ணடியில் பைண்டிங் கடையில் வேலை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுவதால் டவுட்டு மோகன்.

“ஒரு மனுசன் ரோசன பண்ணா மூஞ்சி கொஞ்சமாச்சும் சுருங்கணும். இவரு மூஞ்சி இன்னா வெந்த இட்லியாட்டம் கீது? எனக்கு ஒத்துவரல மாமு.”

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வண்டியில் பெட்டிக்குப் பெட்டி தடபுடலாக இருக்கும். கம்பிக்குக் கம்பி மாவிலை, வாசலில் வாழைக்கன்று, ஜன்னலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பொரி, சுண்டல், மேளம். வாழைக்கன்று கட்டுவது ஒவ்வொரு வருஷமும் ஆரோக்கியம் அண்ணன். அந்த வருஷம் மோகன் ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டான்.

“பூஜ அன்னிக்கு புலவர் கச்சேரி. மொத்தப் பெட்டியும் கேக்கணும். ஒரு நிமிசம் பேப்பரக் காட்டுவேன், அப்பால நான் வாங்கிப்பேன். அல்லாத்தையும் சொல்லிட்டாருன்னா நானே மால போட்டு இனிமே டவுட்டே படமாட்டேன். சொல்லலன்னா மறுபடி கதவாண்ட நின்னு பை புடிக்கணும்.”

“ரெடி” என்றேன். சீட்டு இருக்கிற தைரியம்.

அன்று காலை பதினெட்டு விடையையும் மனப்பாடம் பண்ணி, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், சண்முகக்கனி பட்டுப்புடவையில் நிற்கிறாள். கையில் ஒரு டப்பா.

“அப்பா கடையில பூச வேல கெடக்கு. உங்க கூட ரயில்லயே வாரேன். கந்தசாமி ஐயாவையும் பாத்து முந்திரிக்கொத்தக் கையில குடுத்துட்டு வண்ணாரப்பேட்டையில எறங்கிருதேன்.”

ஐயா இன்றைக்கு லீவாக இருக்கலாம் என்றேன். அப்படியென்றால் டப்பாவை அவர் சிநேகிதர்கள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றாள். கூட்டம் என்றேன். நான் கூட்டத்தில்தானே வளர்ந்தேன் என்றாள். ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “செருப்பு வார் அறுந்திருக்கு பாரு” என்று முடித்தேன். அறுந்திருக்கவும் இல்லை.

லேடீஸ் பெட்டிக்கு அவளைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், வண்டி நின்றதும் வாழைக்கன்றுக்கு நடுவிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் தலையை நீட்டினார். “தங்கச்சியா? வாம்மா, வாம்மா. புலவர் சம்சாரம் தனியா வர்றதா? இங்கதான் குந்தணும்.” எனக்கு எதிர் இருக்கையில் அவளுக்கு இடம் போட்டாகிவிட்டது. புலவர் என்றதும் அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நான் வெளியே பார்த்தேன்.

அப்போதும்கூட எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. விடையெல்லாம் சரியாகத்தான் இருக்கும். நான் சொல்வதை அவள் கேட்டாலும், நாலு பேர் முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். வீட்டுக்குப் போய்க் கால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இப்படியொரு கணக்கு.

பூஜை முடிந்து சுண்டல் சுற்றுக்கு வந்தது. மேளத்தை நிறுத்தினார்கள். மோகன் குறுக்கெழுத்து மட்டும் தெரியும்படி மடித்த பேப்பரை என்னிடம் நீட்டினான். ஒரு நிமிஷம். நான் அந்தக் கட்டங்களைப் பார்க்கவே இல்லை. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். இருக்கைகளின் மேல் ஏறி நின்றெல்லாம் பார்த்தார்கள். நெஞ்சு நிமிர்ந்தது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

“ஒன்று. இடமிருந்து வலம். கொத்தமல்லி.”

ஒரு நொடி சத்தமே இல்லை. பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் அண்ணன் தயங்கித் தயங்கி வாசித்தார். “பாண்டவர்களில் மூத்தவர்... கொத்தமல்லியா? நாலு கட்டம்தான் கீது புலவரே. சரி, நெருக்கி எழுதிக்கிறேன்.” (கடைசி வரை என்னை விட்டுக்கொடுக்காத மனுஷன்.)

சிரிப்பு கிளம்பியது. மகிழ்ச்சிச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மனப்பாடம் பண்ணிய ஆளுக்கு நடுவில் நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். நான் நிறுத்தவில்லை.

“மூன்று. இடமிருந்து வலம். மாமியார்.”

“சமையலில் அளவாக இருக்க வேண்டியது” என்று வாசித்தார் அண்ணன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “இது கரெக்ட்டுப்பா!” என்றது. பெட்டியே அதிர்ந்தது.

“ஐந்து. மேலிருந்து கீழ். இடியோசை.”

“குழந்தையைத் தூங்க வைப்பது...” என்று வாசித்த அண்ணனுக்கே பொறுக்கவில்லை. பொரியோடு சிரித்துப் புரையேறிவிட்டது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். மோகன் தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டிருந்தான். மேளக்காரர் மேளத்தின்மேல் சாய்ந்து கிடந்தார். சிரிக்காமல் இருந்தது ஒரே ஒருத்தி. சண்முகக்கனி கவலையோடு பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“என்னங்க, இது நாம காலையில போட்டது இல்ல. இது வேற பேப்பரு.”

கோஷ்டியின் பேப்பரைச் சுண்டலுக்கென்று கிழித்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டில்தான் நானே ஒரு கை சுண்டல் தின்றிருக்கிறேன். அதனால் மோகன் தன்னுடைய பேப்பரைக் கொடுத்திருக்கிறான். அவன் வாங்குவது வேறு பேப்பர். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏழு மாதமாகக் கட்டத்தையே பார்க்காமல் குறுக்கெழுத்துப் போட்டவனுக்குத்தான் தெரியவில்லை.

மோகன் எழுந்து நின்றான். “காலையில... நாம போட்டதா? இங்கிலீஷ் பேப்பர்தான வூட்ல?”

“இங்கிலீஷா?” என்றாள் சண்முகக்கனி. “நாந்தான் தெனமும் போடுதேன். சீட்டுல எழுதிக் குடுக்கேன். கந்தசாமி ஐயாவுக்கு.” சுற்றிலும் பார்த்தாள். “ஐயா வரலியா இன்னைக்கு? கண்ணு ஆபரேசன் என்னைக்குன்னு சொன்னாவளா?”

“யாரும்மா கந்தசாமி?” என்றார் ஆரோக்கியம் அண்ணன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். இறங்கி ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். வண்டி கொருக்குப்பேட்டை சிக்னலில் நின்றுவிட்டது.

அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆரோக்கியம் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேப்பரையும் பேனாவையும் அவள் பக்கம் நீட்டினார். “தங்கச்சி, நீ போடுறியா? வண்டி எடுக்கறதுக்கு நேரங்கீது.”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கினாள். ஒன்றில் தொடங்கவில்லை. பேப்பரை ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு வலது கீழ் மூலையில் ஒரு குட்டிச் சொல்லை எழுதினாள். அதிலிருந்து மேலே ஒன்று. அதிலிருந்து இடதுபக்கம் ஒன்று. நடுவில் ஏதோ மாட்டாதபோது பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். “கருவாட்டுக்குப் போடுத மீன்ல ரெண்டெழுத்து சொல்லுங்க.” நாலாபக்கமும் மீன்கள் பறந்தன. ‘வாளை’ விழுந்தது. ஒரு சொல்லை அடித்துத் திருத்தி, “தப்பு எம்மேலதான்” என்று சொல்லிக்கொண்டாள். தருமர் வந்தார், உப்பு வந்தது, தாலாட்டு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மேளக்காரர் ஒரு தட்டு தட்டினார். அடுப்படியில் கேட்ட அதே கரண்டித் தட்டு. குறிப்பு வாசிக்கப்படுவதை அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டேன். ஒரு சொல் விழும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தையும் அன்றுதான் பார்த்தேன். வீட்டில் எப்போதும் கண்ணாடியில் என் மூஞ்சியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி அசைந்து கிளம்பும்போது ஒன்றே ஒன்று பாக்கி. அவள் பேப்பரை என்முன் வைத்தாள்.

“இத நீங்க சொல்லுங்க. உங்க தொழில்தான். ‘கப்பலை ஓரிடத்தில் நிறுத்துவது.’ அஞ்செழுத்து.”

பெட்டி முழுக்க என்னையே பார்த்தது. எனக்குச் சந்தர்ப்பம் கொடுக்கிறாள் என்று புரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே கண்ணை மூடினேன். மூஞ்சியையும் சுருக்கினேன். மண்டைக்குள் எங்கள் ஆபீஸ் வந்தது, ரப்பர் ஸ்டாம்பு வந்தது, முதலாளியின் வழுக்கை வந்தது. கப்பல் வரவே இல்லை.

“...கயிறு?” என்றேன்.

கிரேன் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். சண்முகக்கனி ‘நங்கூரம்’ என்று எழுதி, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். முந்திரிக்கொத்து டப்பா பெட்டிக்கே போயிற்று. மோகன் எனக்கென்று வைத்திருந்த மாலையை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை ஜன்னலில் இருந்த சாமி படத்துக்குப் போட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் அவளோடு நானும் இறங்கிவிட்டேன். அந்தப் பெட்டியில் உட்கார எனக்கு முகமில்லை. பிளாட்பாரத்தில் நாலு அடி முன்னால் நடந்தவள் நின்றாள்.

“ஐயான்னு யாருமே கெடையாதா?”

“கெடையாது.”

“முறுக்கு?”

“நான்தான்.”

“முந்திரிக்கொத்தும்?”

“ம்.”

“வடிவுடையம்மனுக்கு நேந்திருக்கேன். ஐயாவுக்குக் கண்ணு நல்லானா ஒம்பது வெள்ளிக்கெழம நெய் வெளக்கு போடுதேன்னு. அம்மனுக்கு நான் என்ன பதில் சொல்லுதது?” குரல் உடைந்தது. “ஏழு மாசம். ஒரு நாளாவது, எம் பொண்டாட்டி போட்டான்னு சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு?”

தோன்றியது என்று சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். தோன்றவே இல்லை. நான் வெட்கப்பட்ட நாட்கள் பல உண்டு. ஆனால் பெட்டியில் பட்ட அவமானம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஸ்டேஷன் வாசல் வரை பின்னாலேயே போய், ஷேர் ஆட்டோவில் அவள் ஏறிப் போகும் வரை நின்றேன்.

எட்டு நாள் பேச்சில்லை. (நெய் விளக்கை ஒன்பது வெள்ளிக்கிழமையும் நான்தான் போட்டேன். யார் பெயருக்கு என்று கேட்ட குருக்களிடம், கந்தசாமி என்று சொல்ல வேண்டியிருந்தது. நட்சத்திரம் கேட்டார்.) காலையில் கரண்டித் தட்டும் நின்றுவிட்டது. பேப்பரில் மௌனமாகப் போட்டு முடித்து மேஜைமேல் வைத்திருப்பாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதாமல், குறிப்பைச் சுழித்து வைத்திருப்பாள். எனக்கென்று. முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தோற்றேன். இரண்டாம் நாளும். எட்டாம் நாள் குறிப்பு: ‘வளையும், ஒடியாது, கூடையாகும். நான்கெழுத்து.’ காலையில் ‘மூங்கில்’ என்று நினைத்தேன். நாலெழுத்துதான், ஆனால் மூன்றாவது கட்டத்தில் ‘ம்’. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சரக்கின் காகிதத்தில் கூடை என்று எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷனில் எந்தக் காரணமும் இல்லாமல் அது வந்து விழுந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓசியில் வாங்கிய பதினெட்டு விடைக்கும் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. உடனே போன் போட்டேன்.

“பிரம்பு!” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் கரண்டி இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு, “வாங்க. முறுக்கு எடுத்து வச்சிருக்கேன்” என்றாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் அப்பா கடைக்கு அவள் அந்த எட்டு பத்து வண்டியில்தான் போகிறாள். ஜன்னலோர இருக்கை அவளுடையது. நானும் இப்போது நிஜமாகவே போடுகிறேன். பதினெட்டில் பதினொன்று வரும். மழை நாளில் வண்டி மெதுவாகப் போவதால் பன்னிரண்டு.

ஆனால் மோகன் ஒன்று கிளப்பிவிட்டான். பெட்டியில் யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்டால் உடனே, “எந்தப் பேப்பரு?” என்பான். பெட்டி முழுக்கப் பிடித்துக்கொண்டது. பெட்டியிலிருந்து என் மைத்துனனுக்குப் போய், அவனிடமிருந்து குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. பம்பு செட் ஏன் ஓடவில்லை என்று நான் விளக்கினால் மாமனார், “எந்தப் பேப்பரு மாப்ள?” என்கிறார். வீடு கட்டுகிறவனுக்கு வாஸ்து சொன்னால் கொத்தனார்கூடக் கேட்கிறார். மகள் பேசத் தொடங்கிய வயதில் சொன்ன முதல் முழு வாக்கியமே அதுதான் என்று என் மைத்துனன் சத்தியம் பண்ணுகிறான்.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். ஹோட்டலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். நல்ல மூடில் இருந்தேன். எதிரே அமர்ந்து பேப்பரில் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தவளிடம், மகள் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

“உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், கனி. கட்டுனா இவளைத்தான்னு.”

சண்முகக்கனி தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு கட்டத்தை நிதானமாக நிரப்பிவிட்டுக் கேட்டாள்.

“எந்தப் பேப்பர்ல?”